தினசரிக்கு ஓடும் இரும்பு புல்லட்: வீட்டுப் பட்டறை மாற்றங்கள் பற்றி ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, ஊரைச் சுற்றிவிட்டு உள்ளே நிறுத்துபவருக்குப் பழைய புல்லட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை. கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி இருப்பதுதான் அவருக்கு அழகு. அதே வண்டியை வேலைக்கும், சந்தைக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் நம்பியிருப்பவர் நிலை வேறு. காலையில் நாலாவது உதையில் வண்டி கிளம்ப வேண்டும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைத் தாண்டி ரோட்டுக் குழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். திடீரென்று முன்னால் ஆட்டோ திரும்பினால் பிரேக் பிடிக்க வேண்டும். இந்தத் தேவைகளுக்காக ஸ்பானரோடு உட்கார்ந்தவர்கள் ஐம்பது வருடங்களாகச் சேர்த்துவைத்த கைவேலை அறிவு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் எது நிற்கும், எது நிற்காது என்று எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

வண்டியின் வயதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1940களின் இறுதியில் உருவான வடிவம் இது. இந்திய ராணுவம் வாங்கத் தொடங்கியதும் தேவை பெருகியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டுவதில் ஆரம்பித்த திருவொற்றியூர் ஆலை, 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யப் பழகிவிட்டது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த எஞ்சின் வடசென்னையில் அதற்கப்புறம் நாற்பது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து வார்க்கப்பட்டது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., வால்வுகளை அசைக்க இரண்டு புஷ்ராடுகள், எஞ்சினுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் நாலு கியர் பெட்டி. 'இரும்பு எஞ்சின்' என்று நாம் சொல்வது வார்ப்பிரும்புச் சிலிண்டரை வைத்துத்தான். மேலே உள்ள ஹெட் அலுமினியம். 2009ஐ ஒட்டி யூ.சி.இ. எனப்படும் புது எஞ்சின் வந்து இதன் இடத்தைப் பிடித்தது.

அத்தனை காலத்தில் வடிவம் மாறவில்லை என்றாலும் உள்ளே சில மாற்றங்களைக் கம்பெனியே செய்தது. 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் போய் சில மாடல்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. கியர் இடப்பக்கம் மாறியது, முன் டிஸ்க் பிரேக் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று புலப்படும்: எல்லாமே தினமும் ஓட்டுபவரின் குறைகள். தோற்றத்துக்காகச் செய்த எதுவும் இதில் இல்லை. வீட்டில் செய்யும் மாற்றங்களை மதிப்பிடவும் இதே அளவுகோலை நான் வைத்துக்கொள்கிறேன். அந்த மாற்றம் வண்டியின் எந்தக் குறையைத் தீர்க்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். செங்கம் போகும் வழியில் வண்டி நின்றுபோனால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வேண்டாம் என்று தோன்றும் நாளில் பழைய பாகத்தை அதே இடத்தில் பூட்ட முடிய வேண்டும்.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது அதுதான். பழைய புல்லட்டின் வெளிச்சம் மங்கல் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெரிய பல்பு. கடையிலும் 100/90 வாட் பல்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது குறையை இன்னும் கூட்டும். ஒரு 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, அம்மீட்டர் வழியாக ஏறி, சாவி ஸ்விட்ச், விளக்கு ஸ்விட்ச், கைப்பிடியில் உள்ள டிம்-டிப் ஸ்விட்ச் எல்லாவற்றையும் கடந்து பல்புக்கு வருகிறது. முப்பது வருடப் பழைய செம்புத் தொடுமுனைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்றுவிடும். பல்புக்குப் போகும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நிற்பதில்லை, ஏறத்தாழ முப்பது சதவிகிதம் போய்விடுகிறது. டங்ஸ்டன் இழையின் குணம் அது. பெரிய பல்பு போட்டால் அதே பழைய வழியில் எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடும். இழப்பும் கூடும், ஸ்விட்சும் சூடேறி உருகும்.

சரியான வேலை ரிலே போடுவது. கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் சாதாரண நாலு கால் ரிலே இரண்டு, பருமனான வயர், இடையில் ஒரு ஃப்யூஸ். பழைய ஸ்விட்சுக்கு இனி ரிலேயைத் தூண்டும் வேலை மட்டும்தான். பல்புக்கான மின்சாரம் 30ஆம் காலில் நுழைந்து 87ஆம் காலில் வெளியேறி நேராகப் போய்விடும். ரிலேயை ஹெட்லைட் டூமுக்குள்ளேயே மறைத்து வைக்க இடம் இருக்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வயரை நேராகப் பேட்டரி முனையிலிருந்து இழுத்துவிட்டால் அந்த மின்சாரம் அம்மீட்டரைத் தொடாமல் போய்விடும். பேட்டரி வெறுமையாகிக்கொண்டிருக்கும்போதும் முள் சார்ஜ் ஏறுவதாகவே காட்டும். அம்மீட்டரின் மறுமுனையிலிருந்து எடுத்தால் முள் பொய் சொல்லாது. புல்லட் ஓட்டுபவருக்கு அம்மீட்டர்தான் நாடி பார்க்கும் இடம் என்பதால் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது எர்த். ஹெட்லைட்டின் மின்சாரம் திரும்பிவரும் வழி பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தின் பால் பேரிங் வழியாகத்தான், அதாவது கிரீஸ் பூசிய உருண்டைகள் வழியாக. டூமுக்குள்ளிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்துவிடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான். பல வண்டிகளில் ரிலே போடுவதற்கு முன்பே இது ஒன்றிலேயே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடிவிடும். எல்.இ.டி. பல்பு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்பது உண்மை. புல்லட்டின் ரிஃப்ளெக்டரோ இழை இருக்கும் புள்ளியை வைத்துக் கணக்கிட்டது. எல்.இ.டி. சில்லு அந்தப் புள்ளியில் உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறி, ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் குத்தும். ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு தெளிவாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பெரிய பேட்டரி பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பேட்டரி சேமிப்பது மட்டும்தான், உற்பத்தி செய்வது ஆல்டர்னேட்டர். வரவு கூடாமல் உண்டியலை மட்டும் பெரிதாக வாங்கி என்ன பயன்?

கிளப்புவதைப் பற்றிய பேச்சு இல்லாமல் புல்லட் பேச்சு நிறைவடையாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் பாயிண்ட் மூடித் திறப்பதற்கேற்ப அம்மீட்டர் முள் இடதுபக்கம் சாய்ந்து நடுவுக்கு வரும். முள் நடுவில் நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஷன் லிவரை இழுத்து, கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்காலால் ஒரே உதை. இந்த வரிசை தெரிந்தவருக்கு வண்டி பணிந்துவிடும். ஆனால் வரிசை சரியாக இருந்தும் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கிறது என்றால் குற்றம் உள்ளே இருக்கிறது. சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னே தள்ளுவது அவற்றின் வேலை. ஸ்பிரிங் தளர்ந்துபோனால் உதைக்கும்போதே தீப்பொறி முந்தி விழுந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளும். ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் மருந்து. டைமிங்கைப் பின்னே தள்ளிச் சமாளித்தால் திருப்பியடிப்பது நிற்கும். எஞ்சின் சூடாகி இழுவையும் போய்விடும்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்பது பழைய புல்லட்காரர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கும் வழக்கு. எலெக்ட்ரா மாடலில் கம்பெனி கொடுத்த அமைப்பைப் பழைய ஸ்டாண்டர்டு மாடலில் பூட்டுவது பரவலாக நடக்கிறது. நகரத்துக்குள் தினமும் ஓட்டுபவருக்கு அது நல்லது என்பது என் முடிவு: பாயிண்ட் இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் வேலை மிச்சம், காலையில் உதையும் குறையும். பேருந்தே அரிதாக வரும் ஊர்களுக்குப் போகிறவருக்கு நான் பாயிண்ட்டையே சொல்வேன். பாயிண்ட் ஒரேயடியாகச் சாவதில்லை. முனகி, இருமி, எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் போகும். உப்புத்தாளால் தேய்த்து 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் யூனிட் போனால் அங்கேயே தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இரண்டையும் விரும்புபவர்கள், டைமிங் சரிபார்த்த பாயிண்ட் தட்டைக் கோடு கிழித்து அடையாளம் வைத்து, டூல் பாக்ஸில் துணியில் சுற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பாயிண்ட்டோடு இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு சின்ன மாற்றம் கண்டன்சரை இடம் மாற்றுவது. பாயிண்ட் கருகுவதற்கும், சூடானபின் வண்டி நின்றுபோவதற்கும் பெரும்பாலும் காரணம் கண்டன்சர்தான். எஞ்சின் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் பாகம் அது. மின்னோட்டக் கணக்கில் அது பாயிண்ட்டுக்கு இணையாக இருந்தால் போதும், பக்கத்திலேயே உட்கார வேண்டிய கட்டாயமில்லை. டேங்குக்கு அடியில் காயில் அருகே காற்றுப்படும் இடத்தில் திருகி, அதன் வயரைக் காயிலின் பாயிண்ட் முனையில் கொடுத்து, உடம்பை நல்ல எர்த்தில் இறுக்கினால் அதன் ஆயுள் பல மடங்கு நீளும்.

புல்லட் என்றால் ஆயில் ஒழுகும் என்று ஒரு பேச்சு உண்டு. ஒழுகுவதை விதி என்று ஏற்றுக்கொண்டவர்கள் அடியில் அட்டையைப் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் 346 சி.சி. காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அமுக்குகிறது. அந்தக் காற்று வெளியேற ஒரு பிரீதர் குழாயும், அதன் முனையில் வாத்து அலகு போன்ற ஒரு ரப்பர் வாயும் கொடுத்திருக்கிறார்கள். காற்றை வெளியே விட்டு உள்ளே வராமல் தடுக்கும் ஒருவழிக் கதவு அது. வெயிலிலும் ஆயிலிலும் ஊறி அந்த ரப்பர் விறைத்துப்போனால் அல்லது ஒட்டிக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த இடுக்கிலெல்லாம் வழிந்து வரும். மெக்கானிக் பேக்கிங் மாற்றுவார், மறுபடி ஒழுகும், மறுபடி மாற்றுவார். கேஸ்கெட் பசையைக் கையில் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் பிரீதரைப் பார்த்தால் இந்தச் சுற்று முடிந்துவிடும். ரப்பரைப் புதிதாக மாற்றலாம். சிலர் காரில் வரும் ஒருவழி வால்வைப் பொருத்தி, பருத்த குழாயைப் பின்பக்கம் இழுத்து ஒரு சின்ன பாட்டிலில் விடுகிறார்கள். குழாய் முனையைச் செயின்மேல் சொட்டவிட்டால் செயினுக்கு ஆயில் கிடைக்கும் என்பது பழைய யோசனை. சொட்டு காற்றில் பறந்து பின் டயரில் படும். திருப்பத்தில் அது உயிருக்கு ஆபத்து.

இடதுபக்கம் பிரைமரி செயின் மூடியும் அப்படித்தான். அத்தனை பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு. ஒழுகுகிறதென்று அதை மேலும் மேலும் இறுக்கினால் அலுமினியம் வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து மூடியின் விளிம்பை எட்டுப் போட்டுத் தேய்த்து மட்டமாக்கி, புது ரப்பர் வைத்து, அளவோடு இறுக்குவது வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடியது. கிராங்கின் பெரிய முனையில் உள்ள மிதக்கும் புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போடுவதும் பெயர்பெற்ற மாற்றம்தான். ஆனால் அது லேத்தும் பிரஸ்ஸும் தெரிந்த கையும் வேண்டிய பட்டறை வேலை. எஞ்சினைப் பிரிக்கும் காலம் வரும்போது யோசிக்கலாம், அதற்காகவே பிரிக்க வேண்டாம்.

பிரேக்குக்கு வருவோம். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, பின்னால் ஆள், முன்னால் ஏழு அங்குல டிரம். இன்றைய போக்குவரத்துக்கு இது போதாது என்று டிஸ்க் போடத் தோன்றுவது இயல்பு. கம்பெனியே பிந்தைய மாடல்களில் முன் டிஸ்க் கொடுத்தது. பழைய வண்டிக்கு அதைக் கொண்டுவர முன் ஃபோர்க் காலும் ஹப்பும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து மாற வேண்டும். பாதி பாகம் ஒரு மாடல், மீதி வேறொன்று என்று தேடிப்பிடித்து வெல்டு வைத்து ஓட்டும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். காலிப்பரைத் தாங்கும் பட்டையை வெல்டு வைத்துப் பிழைக்கலாம் என்று நினைப்பவரிடம் நான் வண்டியைக் கொடுக்கமாட்டேன். அதற்கு முன் இருக்கும் டிரம்மிலிருந்து முழுப்பயனும் எடுத்தாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள். இரண்டு ஷூக்களையும் தனித்தனிக் கேம் தள்ளும் அமைப்பில், அவற்றை இணைக்கும் சின்னக் கம்பியின் நீளம் சரியாக இருந்தால்தான் இரண்டும் ஒரே கணத்தில் டிரம்மைத் தொடும். நீளம் தவறினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், மற்றது சும்மா வரும். கம்பியைக் கழற்றி, இரண்டு கேம்களையும் கையாலேயே தொடும் நிலைக்குத் திருப்பி, அந்த இடைவெளிக்கு ஏற்பக் கம்பியின் நீளத்தை வைத்துப் பூட்ட வேண்டும். பிறகு ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முடுக்கினால் தட்டு நடுவுக்கு வந்து உட்காரும். லைனிங் ஒட்டிய ஷூக்களை லேத்தில் டிரம் வட்டத்துக்கு ஏற்ப உருட்டி எடுப்பது, துருவில்லாத புதுக் கேபிள், நீளமும் வளைவும் சரியான கேபிள் பாதை. இவ்வளவும் செய்தபின் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், இது அதே வண்டிதானா என்று தோன்றும்.

வலப்பக்க கியரை இடப்பக்கம் மாற்றும் குறுக்குத்தண்டுகள் கிடைக்கின்றன. வீட்டில் வேறு வண்டியும் ஓட்டுபவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும் அபாயம் உண்மையானது. ஆனால் குறுக்குத்தண்டு வந்தபின் கியர் விழுவதில் சுத்தம் போய்விடுகிறது, குதிகாலால் ஒரு தட்டில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் அந்த அருமையான சின்ன லிவரும் பல அமைப்புகளில் பயனற்றுப்போகிறது. பழகிக்கொள்வதே மேல். கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நல்ல மாற்றம்: 16க்குப் பதில் 17 பல் போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ ஆறு சதவிகிதம் குறையும், அதிர்வும் தணியும். மலைப்பாதையில் இருப்பவர்கள் தொட வேண்டாம்.

சுமை ஏற்றுவதில்தான் நம் ஊர்க் கைவேலையின் திறமையும் ஆபத்தும் சேர்ந்து தெரிகின்றன. பால் கேனுக்குக் கொக்கி, சிமெண்டு மூட்டைக்குக் கேரியர், பூட்டு வைத்த டூல் பாக்ஸ், மருந்து தெளிப்பானுக்குச் சட்டம். வெல்டிங்காரர் கையில் வண்டியைக் கொடுத்தால் சேஸிஸ் குழாயிலேயே நேராகப் பட்டையை ஒட்டிவிடுவார். வெல்டு சூடு பட்ட இடத்தை ஒட்டிய இரும்பின் குணம் மாறிவிடுகிறது. வெல்டு பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு விரல் தள்ளி விரிசல் விழும். பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலும், ஏற்கெனவே துளை உள்ள இடங்களிலும் நட்டுப் போட்டு மாட்டும்படி கேரியரைச் செய்யச் சொன்னால் சேஸிஸைத் தொட வேண்டியதே இல்லை. சுமை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். வண்டியின் இரு சக்கர மையங்களுக்கு இடைவெளி 1370 மி.மீ. பின் ஆக்ஸிலுக்கு 30 செ.மீ. பின்னால் 40 கிலோ கேனைத் தொங்கவிட்டால் முன் சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோ எடை எடுபட்டுவிடும். ஹேண்டில் லேசாகி ஆடத் தொடங்குவது அதனால்தான். சுமையைத் தாழ்வாக, இருபுறமும் சமமாக, ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

சேலை கார்டைச் சிலர் அழகைக் கெடுக்கிறது என்று கழற்றி எறிகிறார்கள். பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. உடை சிக்கி விழுந்த பெண்களின் கதை தெரியாத ஊர் ஒன்றும் இங்கே இல்லை. கழற்றியதை எடுத்துப் பூட்டுங்கள். முடிந்தால் ஒருபக்கமாக உட்காருபவர் கால் வைக்க ஒரு நல்ல பலகையையும் சேருங்கள்.

சைலன்சரைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் தடுப்பை உடைத்துவிட்டு ஊரை எழுப்புவதால் இழுவை கூடுவதில்லை. கார்புரேட்டர் அளவு கெட்டு, குழாய் நீலம் பாய்கிறது. தினமும் ஓட்டுபவர் தினமும் அதே தெருவில்தான் வர வேண்டும். அந்தத் தெருவில் குழந்தை தூங்குகிறது.

அன்றாடத் தேவை எவ்வளவு தூரம் இந்த வண்டியைக் கொண்டுபோக முடியும் என்பதற்கு விளிம்பில் நிற்கும் சில உதாரணங்கள் உண்டு. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் பம்பு செட்டுகளிலும் ஜெனரேட்டர்களிலும் ஓடிய சின்ன டீசல் எஞ்சினை எடுத்து புல்லட் சேஸிஸில் உட்காரவைத்தார்கள். கம்பெனியும் கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சி.சி., 6.5 குதிரைத்திறன் டீசல் எஞ்சினோடு டாரஸ் என்ற மாடலை விற்றது. வேகம் 65 கி.மீ.யைத் தாண்டத் திணறும், அதிர்வு பல்லை ஆட்டும், புகை வரும். ஆனால் லிட்டருக்கு 70 கி.மீ.க்கு மேல் ஓடியது. அதை வாங்கியவர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதிக்கு இரண்டு சக்கரமும் பலகையும் சேர்த்துச் 'சக்டா' செய்தார்கள். ஆளும் ஆடும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்கும் சந்தைக்கும் ஓடிய அந்த வண்டி, பட்டறையில் பிறந்து, ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ போன்ற கம்பெனிகளின் தயாரிப்பாகவும் வளர்ந்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது, அதே சௌராஷ்டிரத்தில் அம்ரேலி மாவட்டத்தின் மோட்டா தேவலியா கிராமத்தில் மன்சுக்பாய் ஜகானி செய்தது. 1990களில் வறட்சி. மாடு வளர்க்கத் தீவனமில்லை, கூலிக்கு ஆளில்லை, டிராக்டர் வாங்கும் வசதி சிறு விவசாயிக்கு இல்லை. அவர் டீசல் புல்லட்டின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரங்களும் கலப்பை, களைக்கொத்து, விதைப்பான் மாட்டும் சட்டமும் கொண்ட ஓர் அமைப்பை அதே இடத்தில் பொருத்தினார். ஒரு ஏக்கரை அரை மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் டீசலில் உழுதுவிட முடிந்தது. அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தாவின் ஹனி பீ அமைப்பும் நேஷனல் இன்னொவேஷன் ஃபவுண்டேஷனும் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தன, அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 'புல்லட் சாந்தி' என்ற அந்தக் கருவியில் நான் வியப்பது, வேலை முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்தை மாட்டினால் அது மறுபடி மோட்டார் சைக்கிள் ஆகிவிடும் என்பதைத்தான். திரும்பிவரும் வழியை அடைக்காத மாற்றத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்குச் சட்டம் வழிவிடுகிறது. ரிலே, எர்த் வயர், கண்டன்சர் இடமாற்றம், பிரேக் சீரமைப்பு எதுவும் ஆர்.சி. விவரத்தைத் தொடுவதில்லை. எஞ்சின் மாற்றமும் சேஸிஸ் வெட்டும் தொடும். டீசல் எஞ்சின் பூட்டிய பழைய வண்டியை வாங்குபவர் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை, புதுப்பேட்டைக்கோ உக்கடத்துக்கோ எடைக்குப் போடாமல், பரணில் வைத்திருப்பவருக்கு அன்று கவலை இல்லை.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் சவால் பெட்ரோலில் இருக்கிறது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதில் ஏறத்தாழ 13.5. புது வண்டியில் சென்சார் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். புல்லட்டின் கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும். மெயின் ஜெட்டை அடுத்த அளவுக்குக் கூட்டி, ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி ஊசியை உயர்த்த வேண்டும். பிறகு நெடுஞ்சாலையில் முழு இழுவையில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அங்கேயே சாவியை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெள்ளையாக வெந்திருந்தால் இன்னும் ஒரு அளவு மேலே, புகைக்கரி படிந்திருந்தால் ஒரு அளவு கீழே, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் அதோடு விட்டுவிடலாம்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. வாரக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் நீர் சேர்ந்து துருப்பிடிக்கும். தினமும் ஓட்டி நிரப்பிக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் டேப்பின் வாஷர், ஃப்ளோட் கிண்ணத்தின் ரிங் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது ஒரு மாலை வேலை. டேங்குக்குள் பிசின் பூசி ஓட்டை அடைத்திருப்பவர்கள் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சில பழைய பூச்சுகள் எத்தனாலில் இளகித் தோலாக உரிந்து ஜெட்டை அடைக்கின்றன. அப்படியானால் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, ஓட்டையைப் பித்தளைப் பற்றுவைத்து அடைத்து, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் கண்ணாடி வடிகட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டால், அடியில் சேரும் அழுக்கை வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.